யூத இலக்கியம் வதைமுகாமில் பிறந்ததல்ல

நவீன யூத இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒரு தனித்தாளாக வைத்தால் அதில் என்னென்ன நூல்கள் இருக்கும்? இலக்கியம் படித்த எவரிடம் கேட்டாலும் ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பு, எலீ வீசலின் ‘இரவு’, பிரிமோ லெவியின் ஆஷ்விட்ஸ் நினைவுகள், பால் செலானின் கவிதைகள் என்றுதான் பட்டியல் தொடங்கும். பெரும்பாலும் அங்கேயே முடிந்தும்விடும். யூதர்களின் நவீன எழுத்துக்கு மையம் ஹிட்லரின் இனப்படுகொலை; முன்பு எழுதப்பட்டதெல்லாம் அதன் முன்னறிவிப்பு; பின்பு எழுதப்பட்டதெல்லாம் அதன் எதிரொலி. இந்தக் கருத்து ஏறக்குறைய கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டுவிட்டது. இதைச் சொல்பவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர்; இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்தே சொல்கிறார்கள். ஆனாலும் இது தவறு. ஒரு பெரிய இலக்கியத்தின் முக்கால் நூற்றாண்டு வாழ்வை இந்தக் கருத்து அழித்துவிடுகிறது. அதோடு, எந்தப் படுகொலையை மதிப்பதாகச் சொல்கிறதோ அதைப் பற்றிய நூல்களையே கோணலாகப் படிக்க வைக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துக்கொள்கிறேன். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷைப் பேசியவர்கள். ஒரு மொழியின் வாசகர்களே அழிக்கப்பட்ட பிறகு, அந்த மொழியில் முன்பு எழுதப்பட்ட காதல் கதையையும் நகைச்சுவைக் கதையையும் அந்த அழிவை மறந்துவிட்டு எப்படிப் படிக்க முடியும் என்று கேட்கிறார்கள். மறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வாசகனாகிய எனக்குப் படுகொலை உச்சத்தில் இருந்த 1942 தெரியும் என்பது வேறு. 1894இல் எழுதிய ஒருவன் 1942ஐ நோக்கி எழுதினான் என்பது வேறு. முதலாவது நம் சோகம். இரண்டாவது அவன்மீது நாம் ஏற்றும் பொய். மைக்கேல் ஆந்த்ரே பெர்ன்ஸ்டைன் 1994இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி இந்தப் பின்னோக்கிய வாசிப்பைக் கண்டித்தார். நடந்து முடிந்ததை வைத்து, அது நடந்தே தீரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று இறந்தவர்கள்மீது குற்றம் சுமத்துவது அநீதி என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகள் கடந்தும் பாடத்திட்டங்களில் அது போதுமான அளவு இறங்கவில்லை.

இந்த இலக்கியம் எங்கே தொடங்கியது என்று பார்த்தாலே விஷயம் தெளிவாகும். 1862இல் ஒடெஸ்ஸாவில் ‘கோல் மெவாசெர்’ என்ற யிட்டிஷ் வார இதழ் தொடங்கியது. 1864இல் அதில் மெண்டெலே மொய்ஹெர் ஸ்ஃபோரிம் தன் முதல் யிட்டிஷ் கதையைத் தொடராக எழுதினார். அவர் ஹீப்ருவில் எழுதிக்கொண்டிருந்தவர். பெண்களும் படிக்காதவர்களும் பேசும் மொழி என்று கற்றோர் ஒதுக்கிய யிட்டிஷுக்கு வேண்டுமென்றே இறங்கி வந்தார். இறங்கி வந்து யாரைத் தாக்கினார்? ஜார் அரசனை மட்டுமல்ல. தன் சொந்தச் சமூகத்தின் பெரிய மனிதர்களை. 1869இல் வந்த அவருடைய நாடகம் ‘வரி’, யூத மதவிதிப்படியான கோஷெர் இறைச்சிமீது ஏழைகள் கட்டிய வரியைத் தின்று கொழுத்த யூதப் பிரமுகர்களைப் பெயர் சொல்லாத குறையாகக் கிழித்தது. நவீன யூத இலக்கியத்தின் பிறவிக் குணம் இதுதான்: உள்ளே நடக்கும் சண்டை. பணக்காரனோடு ஏழையும், தந்தையோடு மகளும், குருவோடு சீடனும், கடவுளோடு எல்லோரும் போடும் சண்டை.

பெரெட்ஸின் ‘மௌனி போன்ட்ஷே’ கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல கதையையும் இந்தப் பொதுக்கருத்து எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று இல்லை. ஐ.எல். பெரெட்ஸ் வார்சாவில் யூதச் சமூக அலுவலகத்தில், இடுகாட்டுப் பிரிவில், எழுத்தராக வேலை பார்த்தவர். சட்டவிரோத சோசலிசக் கூட்டத்துக்குப் போனதற்காக 1899இல் சிறைக்கும் போனவர். 1894இல் அவர் எழுதிய இந்தக் கதையில் போன்ட்ஷே ஒரு சுமைகூலி. அடி வாங்கினான், ஏமாற்றப்பட்டான், கூலி கிடைக்காமல் நின்றான், தான் காப்பாற்றிய பணக்காரனின் வண்டியிலேயே அடிபட்டான். ஒருநாளும் வாய் திறந்து புலம்பவில்லை. அவன் செத்ததைப் பூமியில் யாரும் கவனிக்கவில்லை. வானுலகத்தில் மட்டும் எக்காளம் முழங்குகிறது. நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய வழக்கறிஞருக்கே சொல்ல ஒன்றும் இல்லை. சொர்க்கம் முழுவதும் உனதே, வேண்டியதைக் கேள் என்கிறார் நீதிபதி. போன்ட்ஷே தயங்கித் தயங்கிக் கேட்பது தினமும் காலையில் வெண்ணெய் தடவிய ஒரு சூடான ரொட்டி. நீதிபதியும் தேவதைகளும் வெட்கத்தில் தலைகுனிகிறார்கள். எதிர்வழக்கறிஞர் சிரிக்கிறார்.

துன்பத்தின் இலக்கியம் என்ற முன்முடிவோடு வரும் மாணவருக்கு இது ஒரு புனிதனின் கதை. வாய் திறவாமல் சாவை ஏற்ற ஒரு இனத்தின் உருவகம். அப்படியே பல தொகுப்புகளில் அறிமுகமும் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் பெரெட்ஸ் எழுதியது மௌனத்துக்கு எதிரான குற்றப்பத்திரிகை. கேட்கும் பழக்கமே அற்றுப்போன ஒரு தொழிலாளிக்குச் சொர்க்கத்தையே கொடுத்தாலும் ரொட்டிக்கு மேல் கேட்கத் தெரியாது என்று அவர் தன் வாசகர்களை உலுக்கினார். அந்த வாசகர்கள் வார்சாவிலும் நியூயார்க்கிலும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்குக் கதை சரியாகவே புரிந்தது. நமக்குத்தான் புரியாமல் போகிறது, ஆஷ்விட்ஸை நடுவில் வைத்துப் படிப்பதால்.

ஷோலெம் அலெய்ஹெமுக்கும் இதே கதிதான். பால்காரர் தெவ்யேயின் கதைகளை அவர் 1894 தொடங்கி இருபது ஆண்டுகள் விட்டுவிட்டு எழுதினார். ஒரு மகள் தந்தை பார்த்த பணக்கார மாப்பிள்ளையை மறுத்து ஏழைத் தையல்காரனைக் கட்டுகிறாள். ஒருத்தி புரட்சிக்காரன் பின்னால் சைபீரியாவுக்குப் போகிறாள். ஒருத்தி மதம் மாறி உக்ரைனியனை மணக்கிறாள். ஒருத்தி பணக்காரப் பையனால் கைவிடப்பட்டு ஆற்றில் மூழ்குகிறாள். இன்னொருத்தி பணத்துக்காக ஒரு ஒப்பந்தக்காரனை மணக்கிறாள்; பால்காரத் தந்தை மருமகனுக்கு அவமானமாகிப் போகிறார். இத்தனைக்கும் நடுவே தெவ்யே வேதவாக்கியங்களைத் தன் வசதிக்குத் திருகிச் சொல்லிக் கடவுளோடு வழக்காடிக்கொண்டே இருக்கிறார். 1964இல் வந்த ‘கூரைமேல் பிடில்காரன்’ இசைநாடகம் ஆற்றில் மூழ்கிய மகளின் கதையையும் பணத்துக்கு விலைபோன மகளின் கதையையும் விட்டுவிட்டது. ஊரை விட்டுத் துரத்தப்படும் காட்சியை முடிவாக வைத்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெவ்யே என்றால் அழியப்போகும் உலகத்தின் இனிய நினைவு. கதைகளில் இருப்பவரோ மகள்களிடம் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு தந்தை. வர்க்கமும் பெண்ணின் விருப்பமும் ஒரு குடும்பத்துக்குள் புகுந்தால் என்ன நடக்கும் என்பதை அவ்வளவு நுட்பமாகச் சொன்ன கதைகள் அந்தக் காலத்தில் எந்த மொழியிலும் அதிகம் இல்லை. 1916இல் நியூயார்க்கில் ஷோலெம் அலெய்ஹெம் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். தன் நினைவுநாளில் கூடுகிறவர்கள் தான் எழுதியவற்றில் மிகவும் சிரிப்பூட்டும் கதை ஒன்றைப் படிக்க வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்திருந்தார். அவரைக் கண்ணீரோடு மட்டும் படிப்பது அவர் உயிலையே மீறுவது.

நாடகத்துக்கு வருவோம். 1876இல் ருமேனியாவின் யாசி நகரில், ஒரு தோட்டத்து மதுக்கடையில், ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் யிட்டிஷ் தொழில்முறை நாடகத்தைத் தொடங்கினார். முப்பது ஆண்டுகளுக்குள் ஷோலெம் ஆஷ் ‘பழிவாங்கும் கடவுள்’ நாடகத்தை எழுதிவிட்டார். கீழ்த்தளத்தில் விபச்சார விடுதி நடத்தும் ஒருவன், மேல்தளத்தில் தன் மகளைக் களங்கம் படாமல் வளர்க்க நினைத்து, அவள் அறையில் வைக்க ஒரு தோரா வேதச் சுருளை எழுதச் செய்கிறான். மகளோ கீழே இருக்கும் ஒரு பெண்ணைக் காதலிக்கிறாள். இரண்டு பெண்களின் காதலை இவ்வளவு மென்மையோடு மேடையேற்றிய நாடகம் அது. 1907இல் பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் அரங்கில் நடந்தது. 1923இல் ஆங்கிலத்தில் பிராட்வேக்கு வந்தபோது தயாரிப்பாளரும் நடிகர்களும் ஆபாச வழக்கில் கைதாகித் தண்டனையும் பெற்றார்கள். பின்னர் மேல்முறையீட்டில் அது ரத்தானது. புகார் கொடுத்தவர் யூத விரோதி அல்லர். நியூயார்க்கின் பெரிய யூத ஆலயம் ஒன்றின் ரப்பி. நம் அழுக்கை அந்நியர் முன் காட்டலாமா என்பது அவர் கவலை. ஆஷ் எழுதியதோ அந்தக் கவலைக்கு எதிராக. இந்த வழக்கு முழுவதும் ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து முடிந்தது. இதைப் படுகொலையின் முன்னறிவிப்பு என்ற சட்டகத்துக்குள் எங்கே வைப்பது? வைக்க முடியாது என்பதால்தான் பாடத்திட்டத்திலிருந்து விழுந்துவிடுகிறது.

கவிதையில் இந்தச் சட்டகம் இன்னும் மோசமாக உடைகிறது. நியூயார்க்கில் 1907ஐ ஒட்டித் திரண்ட ‘இளையோர்’ குழுவில் மானி லெய்ப் செருப்புத் தைத்தவர். சீஷே லாண்டாவ் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர். தங்களுக்கு முந்தைய கவிதையைத் தொழிலாளர் இயக்கத்தின் எதுகைப் பிரிவு என்று லாண்டாவ் சாடினார். சமூகத்தின் துயரத்துக்குக் குரல் கொடுக்கும் கடமையிலிருந்து கவிதையை விடுவிப்பதே அவர்கள் வேலையாக இருந்தது. அடுத்து வந்த யாகோப் கிளாட்ஸ்டைனும் நண்பர்களும் முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். யூதன் ஒருவன் யிட்டிஷில் எழுதினால் அது எதைப் பற்றியதாக இருந்தாலும் யூதக் கவிதைதான். யூதப் பொருள் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை என்றார்கள். அன்னா மார்கோலின் 1929இல் வெளியிட்ட ஒரே தொகுப்பில் பழைய கிரேக்கத்து இளைஞனின் குரலில் காமம் பேசினார். சீலியா ட்ரொப்கின் பெண் உடலின் ஆசையை மூடிமறைக்காமல் எழுதினார். கட்யா மொலொதோவ்ஸ்கி தன் பாட்டிமாரின் ஒழுக்கத்தோடு கவிதையிலேயே கணக்குத் தீர்த்தார். துயரத்துக்கு மட்டுமே யூதப் பெண்ணின் குரல் வேண்டும் என்று கேட்கும் வகுப்பில் இவர்களுக்கு இடமில்லை. அந்த இழப்பு இவர்களுடையதல்ல, மாணவர்களுடையது.

சரி, அழிவைப் பற்றியே எழுதியவர்களாவது இந்தச் சட்டகத்துக்குப் பொருந்துகிறார்களா? 1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் ஐம்பது பேர் வரை கொல்லப்பட்டார்கள். ஒடெஸ்ஸா அறிஞர்கள் சாட்சியங்களைத் திரட்ட ஹைம் நஹ்மான் பியாலிக்கை அனுப்பினார்கள். வாரக்கணக்கில் கேட்டுக் குறித்தபின் அவர் ஹீப்ருவில் எழுதிய நெடுங்கவிதை இரங்கற்பா அல்ல. தங்கள் பெண்கள் சிதைக்கப்படும்போது ஒளிந்திருந்த ஆண்களின் மேல் அது காறித் துப்புகிறது. கையாலாகாத கடவுளையும் விடவில்லை. கிஷினேவில் எதிர்த்துப் போராடியவர்களும் இருந்தார்கள் என்பது அவர் திரட்டிய சாட்சியங்களிலேயே உண்டு. கவிதையில் அவர் அதைச் சேர்க்கவில்லை. இது நியாயமா என்று வகுப்பில் அடித்துக்கொள்ள வேண்டும். அஞ்சலிக் கூட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வில்னா கெட்டோவுக்குள் 1942 ஜனவரியில் நாடக அரங்கு திறந்தபோது, இடுகாட்டில் கூத்து எதற்கு என்று கண்டித்துத் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டன. அப்படிக் கண்டிக்கப்பட்ட அரங்கு பிறகு நிரம்பி வழிந்தது. ஹெர்மன் க்ருக் நடத்திய கெட்டோ நூலகம் அதே ஆண்டு டிசம்பரில் ஒரு லட்சமாவது புத்தகத்தை இரவல் கொடுத்து விழா எடுத்தது. மக்கள் எடுத்துப் போனவை பெரும்பாலும் நாவல்கள். கொலைக்களத்தின் நடுவிலேயே, கலை எதற்கு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியவர்களை, வெறும் பலியாட்களாக மட்டும் நாம் நினைவில் வைப்பது எந்த வகை மரியாதை? அந்தக் கெட்டோவில் உயிரைப் பணயம் வைத்துக் கையெழுத்துப் பிரதிகளைக் கடத்திய ஆப்ரஹாம் சுட்ஸ்கேவரை ‘கெட்டோ கவிஞர்’ என்று மட்டுமே அறிமுகப்படுத்துகிறார்கள். அவர் போருக்கு முன்பே, சைபீரியப் பனியில் கழிந்த தன் குழந்தைப் பருவத்தை அற்புதமான நெடுங்கவிதையாக எழுதியவர். போருக்குப் பின் ஆப்பிரிக்கா போய் யானைகளைப் பற்றிப் பாடியவர். பிரிமோ லெவியும் அப்படியே. ஆஷ்விட்ஸ் நினைவுநூலுக்காகவே அவரைப் படிக்கிறார்கள். வார்னிஷ் தொழிற்சாலையில் வேதியியலாளராக வேலை பார்த்த லெவி, உலகமெங்கும் போய் இரும்புக் கோபுரங்களை நிறுத்தும் ஒரு தொழிலாளியைப் பற்றி 1978இல் முழு நூல் எழுதினார். வேலையை நேசிப்பதில் இருக்கும் மகிழ்ச்சி அதன் பொருள். மறு ஆண்டு இத்தாலியின் ஸ்ட்ரேகா பரிசு அதற்குத்தான் கிடைத்தது. வீசலின் ‘இரவு’கூட முதலில் 1956இல் புவெனோஸ் அய்ரெஸில் யிட்டிஷில் வந்தது. இரண்டாண்டு கழித்துப் பிரெஞ்சில் வந்ததைவிட அது நீளமானது, கோபமானது. உலகம் போற்றுவது சுருக்கப்பட்ட, அமைதியான வடிவத்தை.

படுகொலையை மட்டுமே அளவுகோலாக வைப்பதால் இன்னொரு கொலையும் மறைந்துபோகிறது. 1952 ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோவில் ஸ்டாலின் ஆட்சி பெரெட்ஸ் மார்கிஷ், லெய்ப் க்விட்கோ, டேவிட் ஹோஃப்ஷ்டைன், இட்ஸிக் ஃபெஃபெர் ஆகிய கவிஞர்களையும் நாவலாசிரியர் டேவிட் பெர்கெல்சனையும் சேர்த்துப் பதிமூன்று பேரைச் சுட்டுக் கொன்றது. அன்று பெர்கெல்சனுக்கு 68ஆவது பிறந்தநாள். எழுத்தாளர் ஐசக் பாபெல் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே சுடப்பட்டிருந்தார். இவர்கள் பலரும் புரட்சியை நம்பியவர்கள், அதற்காக எழுதியவர்கள். இவர்களைக் கொன்றவர்கள் நாஜிகள் அல்லர் என்ற ஒரே காரணத்தால் யூத இலக்கியத் தாளில் இவர்களுக்குப் பக்கம் கிடைப்பதில்லை.

நம் ஊர் ஆங்கில இலக்கிய முதுகலை வகுப்புகளிலும் இதே கோணல்தான். ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ தலைமுறைகளாகப் பாடமாக இருக்கிறது. அது அமெரிக்கக் கனவின் வீழ்ச்சி என்று எழுதினால் மதிப்பெண். 1951இல் புரூக்ளினில் ஜோசப் புலோஃப் அதை யிட்டிஷில் மேடையேற்றியபோது, இதுதான் மூலம், ஆங்கிலம்தான் மொழிபெயர்ப்பு என்று தோன்றுகிறது என ஒரு விமர்சகர் எழுதியது வகுப்பில் பேசப்படுவதில்லை. நிசிம் எசெக்கியேல் பம்பாயின் பெனே இஸ்ரேல் யூதர். தேள் கடித்த இரவைப் பற்றிய அவருடைய கவிதையைக் கல்லூரிக்குப் போன எத்தனையோ தமிழர்கள் படித்திருக்கிறார்கள். அவர் யூதர் என்பது அடிக்குறிப்போடு முடிந்துவிடுகிறது. உயிரோடு வாழ்ந்து, வேலை செய்து, தாயைப் பற்றி எழுதிய யூதர் நமக்கு அமெரிக்கர் அல்லது இந்தியர். முகாமில் செத்தவர் மட்டும்தான் யூதர். தெரிந்து செய்யும் தவறல்ல இது. ஆனால் பெரிய தவறு.

யிட்டிஷ் செத்துவிட்டது, அந்தப் பழைய நூல்களைத் தேடி எங்கே போவது என்று கேட்பவர்களும் உண்டு. 1980இல் ஆரன் லான்ஸ்கி என்ற இளம் மாணவர் வீடு வீடாகப் போய் யிட்டிஷ் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கியபோது, மிஞ்சியிருப்பவை எழுபதாயிரம் இருக்கலாம் என்றார்கள் அறிஞர்கள். அவர் மாசசூசெட்ஸில் நிறுவிய மையம் பத்து லட்சத்துக்கும் மேல் மீட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கில மொழிபெயர்ப்புகள் ஆண்டுதோறும் வருகின்றன. யிட்டிஷ் செத்ததாகத் தோன்றுவதற்கு நாஜிகள் மட்டும் காரணமல்லர்; அதை ஓரங்கட்டியவர்களில் சியோனிஸ்டுகளும் உண்டு. எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் யிட்டிஷுக்கு ஓர் இருக்கை அமைக்க 1927இல் முயற்சி நடந்தபோது, ஹீப்ருவின் காவலர்கள் கூச்சலிட்டுத் தடுத்தார்கள். இருக்கை அமைந்தது 1951இல், பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கொல்லப்பட்ட பிறகு.

காஸா இடிந்து கிடக்கும் காலத்தில் யூத இலக்கியம் படிக்கச் சொல்வது இஸ்ரேலுக்கு வக்காலத்து வாங்குவது ஆகாதா என்று நண்பர்கள் கோபமாகவே கேட்கிறார்கள். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் ஓர் அரசின் செயலுக்கு ஓர் இலக்கியத்தைப் பொறுப்பாக்குவதும், ஓர் இனத்தின் சாவுக்கு அதைச் சாட்சியாக மட்டும் சுருக்குவதும் ஒரே வகைப் பிழை. இரண்டிலும் நூல்களைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. திறந்து பார்த்தால், எஸ். யிஸ்ஹார் 1949இலேயே, இஸ்ரேல் உருவான போர் ஓய்ந்த சூட்டிலேயே, இஸ்ரேலியச் சிப்பாய்கள் ஓர் அரபுக் கிராமத்தைக் காலிசெய்து மக்களை லாரியில் ஏற்றி அனுப்புவதை ஹீப்ருவில் எழுதியிருப்பது தெரியும். அவர் அந்தப் போரில் பணியாற்றியவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். பாலஸ்தீனரான அன்டோன் ஷம்மாஸ் தன் நாவலை 1986இல் ஹீப்ருவில் எழுதி, அந்த மொழி யாருடையது என்ற கேள்வியையே புரட்டிப் போட்டார். அழிவைக் காட்டி அரசை நியாயப்படுத்துபவர்களுக்குத் துன்பத்தின் இலக்கியம்தான் வசதி. யிஸ்ஹார் வசதிப்பட மாட்டார்.

பாடத்திட்டக் குழுக்களில் உட்காரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தாளின் தொடக்க ஆண்டை 1864க்குக் கொண்டுபோங்கள். பெரெட்ஸின் போன்ட்ஷேயும், ஐந்து மகள்களோடும் முழுத் தெவ்யேயும், ஆஷின் நாடகமும், மார்கோலின், மொலொதோவ்ஸ்கியின் கவிதைகளும், பியாலிக்கின் கிஷினேவ் கவிதையும் முதலில் வரட்டும். யிஸ்ஹாருக்கும் ஷம்மாஸுக்கும் இடம் வையுங்கள். லெவியையும் வீசலையும் எடுத்துவிடாதீர்கள். அவர்கள் இல்லாமல் இந்த இலக்கியம் முழுமை பெறாது. ஆனால் அவர்களை முதல் வாரத்தில் வைக்காதீர்கள். யாரெல்லாம் கொல்லப்பட்டார்கள் என்று மாணவருக்குத் தெரிந்த பிறகு வையுங்கள்.